புதிரில் எது மாறவில்லை என்று பாருங்கள்

மும்பையில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்து முடித்ததும், மூன்று காலி கட்டிங் கிளாஸ்களை வைத்துச் செய்து காட்ட ஒரு வித்தை இருக்கிறது. கிளாஸ்களை வரிசையாக வையுங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கவிழ்ந்திருக்கட்டும், நடுவில் உள்ளது நிமிர்ந்திருக்கட்டும். ஒவ்வொரு முறையும் இரு கையாலும் சரியாக இரண்டு கிளாஸைத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் தொடக்கூடாது, மூன்றையும் தொடக்கூடாது. கடைசியில் மூன்றும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஓரத்து இரண்டையும் ஒரே தடவை திருப்பினால் வேலை முடிந்தது. ஆனால் வித்தை காட்டுகிறவர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் இடதும் நடுவும், அடுத்து இடதும் வலதும், மறுபடி இடதும் நடுவும் என்று படபடவென்று மூன்று முறை திருப்புவார். மூன்றும் நிமிர்ந்துவிடும். பிறகு சாதாரணமாக நடுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்து, "இப்போ நீங்க செய்யுங்க பார்க்கலாம்" என்பார். நீங்களும் அவர் செய்த அதே மூன்று அசைவைச் செய்வீர்கள். மூன்றும் கவிழ்ந்துதான் நிற்கும். அதன்பிறகு எத்தனை முறை முயன்றாலும் நிமிராது.

அவர் கையில் மந்திரம் எதுவும் இல்லை. அவருக்கு ஓரங்கள் கவிழ்ந்து நடு நிமிர்ந்திருந்தது, உங்களுக்கு நடு கவிழ்ந்து ஓரங்கள் நிமிர்ந்திருக்கின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கணக்கு வேறு. கவிழ்ந்த கிளாஸ்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டைத் திருப்பும்போது என்ன நடக்கலாம்? இரண்டுமே கவிழ்ந்தவை என்றால் எண்ணிக்கை 2 குறையும். இரண்டுமே நிமிர்ந்தவை என்றால் 2 கூடும். ஆளுக்கொன்று என்றால் ஒன்று குறைந்து ஒன்று கூடி, இருந்தது அப்படியே இருக்கும். ஆகவே கவிழ்ந்தவை இரட்டைப்படையில் ஆரம்பித்தால் கடைசிவரை இரட்டைப்படைதான், ஒற்றைப்படையில் ஆரம்பித்தால் கடைசிவரை ஒற்றைப்படைதான். அவர் 2-ல் ஆரம்பித்து 0-க்குப் போனார். உங்களுக்குக் கொடுத்தது 1. அதிலிருந்து 3-க்குப் போகலாம், திரும்ப 1-க்கு வரலாம், 0-க்கு மட்டும் வழி கிடையாது.

இங்கே நாம் எல்லா அசைவுகளையும் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்கவும் முடியாது, திருப்பிக்கொண்டே இருக்கலாம் என்பதால் அவற்றுக்கு முடிவே இல்லை. ஆனாலும் "முடியாது" என்று அடித்துச் சொல்ல முடிகிறது. விதிப்படி என்ன செய்தாலும் அசையாமல் நிற்கிற ஒரு விஷயத்தைப் பிடித்ததால் வந்த துணிச்சல் அது. கணிதக்காரர்கள் இதை இன்வேரியன்ட் என்பார்கள். நாம் 'மாறாதது' என்றே வைத்துக்கொள்வோம். பொழுதுபோக்குக் கணக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சாவிக்குத் திறக்கும் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நாம் புதிரைக் கண்டதும் x, y என்று எழுத ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் "இதில் எது மாறவில்லை?" என்று ஒரு நிமிடம் யோசிப்பது லாபம்.

சின்ன உதாரணம். கணபதி சமயத்தில் இங்கே பல சொசைட்டிகளில் கேரம் போட்டி நடக்கும். 37 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தோற்றவர் வெளியே என்ற முறை. மொத்தம் எத்தனை ஆட்டம்? பெரும்பாலும் பேப்பரை எடுத்து, முதல் சுற்றில் 18 ஆட்டம், ஒருவருக்கு பை (ஆடாமலே அடுத்த சுற்று), மீதி 19 பேர், அடுத்தது 9 ஆட்டம் என்று கணக்குப் போடுவார்கள். போடலாம், விடை வரும். ஆனால் நடந்த ஆட்டங்களையும் இன்னும் போட்டியில் இருப்பவர்களையும் கூட்டிப் பாருங்கள். ஓர் ஆட்டம் முடிந்தால் முதல் எண் ஒன்று கூடும், இரண்டாவது ஒன்று குறையும். கூட்டுத்தொகை எப்போதும் 37. கடைசியில் மிஞ்சுவது ஒருவர். அப்படியானால் 36 ஆட்டம். பை யாருக்கு, யார் எந்தப் பக்கம் என்ற சண்டையெல்லாம் கமிட்டிக்கு. கணக்குக்கு அது தேவையே இல்லை.

மாறாதது எப்போதும் இப்படி மேலாகவே தெரியாது. சில சமயம் நாமே வண்ணம் பூசி அதை வெளியே கொண்டுவர வேண்டும். 1946-ல் மேக்ஸ் பிளாக் என்ற தத்துவ அறிஞர் ஒரு புதிரைத் தன் நூலில் தந்தார். 8-க்கு 8 சதுரங்கப் பலகை. அதில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டோம். மீதி 62 கட்டம். இரண்டு கட்டத்தை மறைக்கும் அளவில் 31 அட்டைகள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வெளியே நீட்டாமல், பலகை முழுவதையும் மூட முடியுமா?

62-ஐ 2-ஆல் வகுத்தால் 31. கணக்கு இடிக்கவில்லை, அதனால் முடியும் என்றுதான் முதலில் தோன்றும். வைத்துப் பார்த்தால் கடைசியில் எங்காவது இரண்டு கட்டம் தனித்தனியாக மாட்டிக்கொண்டு நிற்கும். இப்போது பலகையின் கறுப்பு வெள்ளையைக் கவனியுங்கள். ஒட்டியிருக்கும் இரண்டு கட்டம் ஒருபோதும் ஒரே நிறமாக இருக்காது. ஆகவே எந்த அட்டையை எங்கே வைத்தாலும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை மறையும். எதிரெதிர் மூலைகளோ ஒரே நிறம். இரண்டு வெள்ளையை வெட்டியிருந்தால் மிஞ்சுவது 32 கறுப்பு, 30 வெள்ளை. மூடப்படாத கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் 2. எத்தனை அட்டை வைத்தாலும் அந்த 2 போகாது. 30 அட்டை வைத்தபின் மாட்டிக்கொள்ளும் இரண்டு கட்டமும் கறுப்பாகத்தான் இருக்கும், நம்பாவிட்டால் வைத்துப் பாருங்கள்.

சதுரங்கப் பலகைக்கு நிறம் இருந்ததால் பிழைத்தோம். பால்கனியில் ஒரே நிற டைல்ஸ் போட்ட தரையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், நாமே சாக்பீஸ் எடுத்து ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைக்க வேண்டியிருந்திருக்கும். புதிரில் இல்லாத ஒன்றை நாம் சேர்க்கிறோம், அது புதிரின் குட்டை உடைக்கிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாறாதது இடித்தால் "முடியாது" என்பது உறுதி. இடிக்காவிட்டால் "முடியும்" என்று அர்த்தமில்லை. ஒரு தடை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முடியும் என்று காட்ட வழியைத் தனியாகக் காட்டியாக வேண்டும். மேலே சொன்ன பலகையிலேயே, ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் எங்கே வெட்டினாலும் மீதியை மூடிவிட முடியும் என்று ரால்ஃப் கோமரி என்ற கணிதக்காரர் நிரூபித்தார். பலகையின் 64 கட்டங்களையும் ஒரே சுற்றுப் பாதையாகக் கோத்து, அந்தப் பாதை நெடுக அட்டைகளை அடுக்கினார். நிறக் கணக்கு பொருந்துகிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

இந்த விஷயத்தை வைத்து ஊரையே சுற்றவிட்ட பொம்மை ஒன்று உண்டு. 4-க்கு 4 சட்டத்துக்குள் 1 முதல் 15 வரை எண் போட்ட சதுரங்கள், ஓர் இடம் காலி, தள்ளித் தள்ளி வரிசைப்படுத்த வேண்டும். திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக்கில் கிடைக்குமே, அதேதான். 1880-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்காக ஜனங்கள் பைத்தியமாக அலைந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் போஸ்ட்மாஸ்டராக இருந்த நோய்ஸ் சாப்மன்தான் இதைச் செய்தவர் என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. ஆனால் பெயர் வாங்கியது சாம் லாய்ட். புதிர் உலகில் பெரிய ஆள், தம்பட்டத்திலும் பெரிய ஆள். 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறியிருக்கும் நிலையிலிருந்து வரிசைப்படுத்துகிறவருக்கு 1,000 டாலர் என்று ஆசை காட்டினார். பணம் அவர் பையை விட்டு வெளியே வரவே வாய்ப்பில்லை. ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் அது நடக்காது என்று 1879-லேயே ஒரு கணித இதழில் எழுதிவிட்டார்கள்.

ஏன் நடக்காது? சட்டத்துக்கு சதுரங்கப் பலகை போல நிறம் பூசுங்கள். ஒவ்வொரு தள்ளலிலும் காலியிடம் பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறது, அதாவது நிறம் மாறுகிறது. கடைசியில் காலியிடம் புறப்பட்ட மூலைக்கே திரும்ப வேண்டும் என்றால், தள்ளல்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தள்ளலும் காலியிடமும் ஒரு சதுரமும் இடம் மாற்றிக்கொள்வதுதான். ஆனால் நமக்கு வேண்டியது 14-க்கும் 15-க்கும் ஒரே ஓர் இடமாற்றம், அது ஒற்றைப்படை. ஒரு வரிசையை ஒற்றைப்படை இடமாற்றங்களால் அடைய முடியும் என்றால், அதையே இரட்டைப்படை இடமாற்றங்களால் ஒருபோதும் அடைய முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனி நிரூபணம் வேண்டும். இப்போதைக்கு என்னை நம்புங்கள்.

எண்களிலும் இதே கதைதான். மும்பைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. இங்கிருந்து குஜராத் போகும் வழியில் உள்ள டஹாணுவில் 1905-ல் பிறந்தவர் த.ரா. காப்ரேகர். நாசிக்கை ஒட்டிய தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எண்களோடு விளையாடிக் காலம் கழித்தவர். 121, 12321, 1234321 மாதிரி எண்கள் இடம்பெறும் ஒரு வகைக்கு அவர் 'டெம்லோ எண்கள்' என்று பெயர் வைத்தார். அந்த யோசனை வந்த ரயில் ஸ்டேஷனின் பெயர் அது, இன்றைய டோம்பிவ்லி. தினம் அங்கே நெரிசலில் ஏறுகிற நமக்கு மூச்சுவிடவே நேரம் இல்லை, அவருக்கு எண் தோன்றியிருக்கிறது.

அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது 6174. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள், 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழியுங்கள். 5432-லிருந்து 2345 போனால் 3087. மறுபடி 8730-லிருந்து 0378 போனால் 8352. மறுபடி 8532-லிருந்து 2358 போனால் 6174. அதற்கு மேல் செய்தாலும் 6174-தான் வரும். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு படிக்குள் அங்கே வந்துவிடும். ஏன் சரியாக 6174 என்பதற்குக் கொஞ்சம் நீளமாகக் கணக்குப் போட வேண்டும். ஆனால் நடுவில் வந்த எண்களைப் பாருங்கள். 3087, 8352, 6174 எல்லாமே 9-ஆல் வகுபடும். அதற்குக் காரணம் மாறாத ஒன்று. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் என்ன மீதியோ, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தாலும் அதே மீதி. இலக்கங்களை எப்படிக் குலுக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது, மீதியும் மாறாது. ஒரே மீதி உள்ள இரண்டைக் கழித்தால் மீதி 0.

இதை வைத்து லோக்கல் ரயிலில் பக்கத்தில் இருப்பவரை அசத்தலாம். அவர் மனதுக்குள் ஓர் எண் எழுதட்டும், அதைக் குலுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும். விடையில் பூஜ்யம் அல்லாத ஏதாவது ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு மீதியை மட்டும் சொல்லட்டும். 7481-ஐ 4817 ஆக்கினார் என்றால் வித்தியாசம் 2664. 4-ஐ அடித்துவிட்டு "2, 6, 6" என்கிறார். கூட்டினால் 14, அடுத்து வரும் 9-இன் மடங்கு 18, குறைவது 4. அடித்தது 4 என்று சொல்லிவிடலாம். சொன்னவற்றின் கூட்டுத்தொகையே 9-இன் மடங்காக இருந்தால் அடித்தது 9. பூஜ்யத்தை அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொன்னதற்கு அதுதான் காரணம்.

சரி, கொஞ்சம் கனமான ஒன்றுக்கு வருவோம். 1996-ல் சர்வதேச கணித ஒலிம்பியாட் மும்பையில் நடந்தது. 75 நாடுகளிலிருந்து பள்ளி மாணவர்கள் வந்தார்கள். அந்த வருடம் கேட்ட முதல் கேள்வியே மாறாததைத் தேடுகிற கேள்வி. ஒலிம்பியாட் என்றதும் ஒதுங்க வேண்டாம், இதுவரை வந்தவர்களுக்கு இதுவும் எட்டும்.

20 கட்டம் நீளம், 12 கட்டம் உயரம் உள்ள ஒரு பலகை. கீழ் இடது மூலைக் கட்டத்தில் ஒரு நாணயம். அதைக் கீழ் வலது மூலைக் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். r என்று ஓர் எண் தரப்படும். நாணயம் பக்கவாட்டில் a கட்டமும் மேல்கீழாக b கட்டமும் தாவினால், aXa-வும் bXb-யும் சேர்ந்து சரியாக r ஆக வேண்டும். r என்பது 5 என்றால் 4-ம் 1-ம், அதாவது சதுரங்கக் குதிரையின் தாவல். கேள்விக்கு மூன்று பகுதி. r-ஐ 2 அல்லது 3 வகுத்தால் முடியாது என்று காட்டு. r 73 ஆனால் முடியும் என்று காட்டு. r 97 ஆனால் முடியுமா?

முதல் பகுதி நமக்குப் பழகியது. r இரட்டைப்படை என்றால் a, b இரண்டும் இரட்டை, அல்லது இரண்டும் ஒற்றை. எப்படியானாலும் a-வும் b-யும் கூட்டினால் இரட்டை, அதனால் நாணயம் தான் நிற்கும் நிறத்தை விட்டு மாறவே மாறாது. போக வேண்டிய கட்டமோ 19 கட்டம் தள்ளி, எதிர் நிறத்தில் இருக்கிறது. முடிந்தது. r 3-இன் மடங்கு என்றால்? எந்த எண்ணின் வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1-தான், 2 வராது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டி மீதி 0 வர வேண்டும் என்றால் இரண்டுமே 0 ஆக இருக்க வேண்டும். ஆகவே a-வும் b-யும் 3-இன் மடங்கு. மும்மூன்றாகத் தாவி 19-ஐ எட்ட முடியாது.

73 என்பது 64-ம் 9-ம். ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 3 என்று தாவ வேண்டும். இங்கே தத்துவம் பேசிப் பயனில்லை, வழியைக் காட்ட வேண்டும். இடமிருந்து எத்தனையாவது, கீழிருந்து எத்தனையாவது என்று குறித்தால் ஒரு வழி இது: (1,1), (9,4), (17,7), (9,10), (12,2), (20,5), (12,8), (20,11), (17,3), (9,6), (17,9), (20,1). பதினொரு தாவல். பென்சிலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

97-தான் கேள்வியின் உயிர். அது 81-ம் 16-ம், ஆக 9-ம் 4-ம். 97-ஐ 2-ம் வகுக்காது, 3-ம் வகுக்காது. பழைய இரண்டு தடையும் இல்லை. ஆனாலும் தாவிப் பார்த்தால் போய்ச் சேராது. அப்படியானால் வேறு விதமாக வண்ணம் பூச வேண்டும். இந்த முறை கட்டம்கட்டமாக வேண்டாம், பட்டைபட்டையாகப் பூசுங்கள். 12 வரிசைகளில் கீழே நான்கு, மேலே நான்கு வெள்ளை. நடுவில் நான்கு கறுப்பு.

மேல்கீழாக 4 தாவினால் என்ன ஆகும்? பட்டையின் அகலமும் 4 என்பதால் பக்கத்துப் பட்டைக்குத்தான் போக முடியும். வெள்ளையிலிருந்து கறுப்பு, கறுப்பிலிருந்து வெள்ளை. மேல்கீழாக 9 தாவினால்? நடுப் பட்டையில் நின்றால் தாவவே முடியாது, பலகையை விட்டு வெளியே விழும். கீழ்ப் பட்டையிலிருந்து மேல் பட்டைக்கோ, மேலிருந்து கீழுக்கோதான் போகலாம். இரண்டும் வெள்ளை. ஆக, நிறத்தை மாற்றுவது ஒரே ஒரு வகைத் தாவல்: மேல்கீழாக 4, பக்கவாட்டில் 9.

புறப்படும் கட்டமும் சேரும் கட்டமும் கீழ் வரிசையில், இரண்டும் வெள்ளை. எனவே நிறம் மாறியது இரட்டைப்படை முறை. பக்கவாட்டில் 9 தாவியதும் இரட்டைப்படை முறை. இரட்டைப்படை எண்ணிக்கையில் 9-களைக் கூட்டினாலும் கழித்தாலும் வருவது இரட்டை. மற்ற தாவல்கள் பக்கவாட்டில் 4, அவையும் இரட்டை. மொத்தம் நகர வேண்டியதோ 19. நடக்காது.

முதல் வண்ணம் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது வண்ணம் கதவைச் சாத்திவிட்டது. அந்தப் பட்டைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், என் பதில் சுவாரசியமில்லாதது. தாவிப் பார்த்து எங்கே மாட்டுகிறது என்று குறித்துவைப்பதுதான் வழி. இந்தப் பலகையில் கொஞ்ச நேரம் விளையாடினாலே, நடுவில் உள்ள நான்கு வரிசைக்கு வந்தால் மேல்கீழாக 9 தாவ இடமில்லை என்பது கண்ணில் படும். பட்டை அங்கிருந்துதான் பிறக்கிறது. புதுப் புதிர் ஒன்று கையில் வந்தால் நான் பார்க்கிற வரிசை பெரும்பாலும் இது: மொத்தக் கூட்டுத்தொகை மாறுகிறதா, ஒற்றை இரட்டை மாறுகிறதா, 3 அல்லது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி மாறுகிறதா, வண்ணம் பூசினால் ஏதாவது தெரிகிறதா. எண்கள் பெரிதாக இருந்தால் சிறிதாக்கி, 4-க்கு 4 பலகையிலோ மூன்று கிளாஸிலோ செய்து பார்ப்பேன்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று தருகிறேன், விடை சொல்லமாட்டேன். 1 முதல் 10 வரை ஒரு தாளில் எழுதுங்கள். ஏதாவது இரண்டு எண்ணை அடித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தை எழுதுங்கள். 7-ம் 3-ம் அடித்தால் 4 எழுத வேண்டும். இப்படியே போனால் கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சும். அது 0 ஆக இருக்க முடியுமா? ஒற்றை இரட்டையைப் பாருங்கள், இதற்கு அது போதும். அப்புறம் 1 முதல் 11 வரை எழுதி அதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே ஒற்றை இரட்டை தடுக்காது, ஆகவே எந்த இரண்டை எப்போது அடிப்பது என்று வழியைக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.